ஒரு தமிழ்ச் செய்திச் செயலி: ஓராண்டுச் சந்தாவுக்குப் பின்

தமிழ் நாளிதழ் ஒன்றின் கட்டணச் செயலியை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். பெண்கள், சிறுமிகள் மீதான வன்முறைச் செய்திகளை அது எவ்வாறு தருகிறது என்பதை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். எழுத்துரு, வேகம் முதலியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை நாட்டின் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவும், குழந்தைகளைப் பொறுத்தவரை போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் தடை செய்கின்றன. பெயரை மறைத்தால் மட்டும் போதாது, அவரை இன்னாரென்று காட்டிக்கொடுக்கும் எந்த விவரமும் வெளிவரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது. இச்செயலி பெயரை வெளியிட்டு நான் கண்டதில்லை. ஆனால், சிறுமியின் ஊர், படிக்கும் வகுப்பு, தந்தையின் தொழில் மூன்றையும் ஒரே பத்தியில் தந்த செய்தியை இருமுறை படித்திருக்கிறேன். அந்த ஊர்க்காரருக்குப் பெயர் வேறு வேண்டுமா?

சொற்களில் முன்னேற்றம் உண்டு. ‘கற்பழிப்பு’ மறைந்து ‘பாலியல் வன்கொடுமை’ நிலைத்துவிட்டது. தலைப்புகள்தாம் திருந்தவில்லை. ‘நடத்தையில் சந்தேகம்: மனைவி கொலை’ என்னும் தலைப்பு, கொன்றவன் காவல் நிலையத்தில் சொன்ன சாக்கை, மறுத்துப் பேச இனி வாயில்லாத ஒருத்தியின் மீது செய்தியாக ஏற்றிவைக்கிறது. ‘ஒருதலைக்காதலால் மாணவிக்குக் கத்திக்குத்து’ என்பதில் காதல் இருக்கிறது, கத்தி இருக்கிறது, குத்தியவனைத்தான் காணோம்.

கைதுச் செய்திக்குக் கிடைக்கும் இடம் தீர்ப்புக்குக் கிடைப்பதில்லை. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று 2025 மே மாதம் வந்த தீர்ப்பைப் போன்றவை விதிவிலக்கு.

என் முதன்மையான குறை வேறு. தற்கொலைச் செய்தி ஒவ்வொன்றின் கீழும் 104 என்னும் உதவி எண்ணைத் தவறாமல் அச்சிடும் இதே செயலி, கணவன் அடித்து மனைவி இறந்த செய்தியின் கீழ் மகளிர் உதவி எண் 181ஐத் தருவதில்லை. சிறுமியைப் பற்றிய செய்தியின் கீழ் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் தருவதில்லை. அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணும் அச்செய்தியைப் படிக்கிறாள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, காவல் நிலையத்தில் வழக்குப் பதியாமலேயே பாதுகாப்பு அலுவலர் வழியாக நீதித்துறை நடுவரிடம் பாதுகாப்பு ஆணை கோரலாம் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டு வரி சேர்ப்பதற்குச் செய்தியாளர் எங்கும் அலைய வேண்டியதில்லை. தற்கொலைச் செய்திகளில் கைவந்த பழக்கம்தானே!

இதை ஆசிரியர் குழுவுக்கு எழுதினேன். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானியங்கிப் பதில் வந்தது. ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருகிறேன். இம்முறை ஆண்டுச் சந்தாவுக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறேன்.