ராக் குழு டிரம்மரா, செஷன் டிரம்மரா: எது யாருக்கு?

1980இல் அமெரிக்க ராக் பாடகர் ஜான் மெலன்கேம்ப்பின் குழுவில் டிரம்மராகச் சேர்ந்தார் கென்னி அரனாஃப். சேர்ந்த சூட்டோடு ஆல்பம் பதிவுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் போனால், அங்கே அவருக்குப் பதில் செஷன் டிரம்மர்களை, அதாவது குழுவில் சேராமல் பதிவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வாசிப்பவர்களை, உட்கார வைத்துவிட்டார்கள். அரனாஃப் ஊர் திரும்பவில்லை. அங்கேயே இருந்து அவர்கள் வாசிப்பதைப் பார்த்துக் கற்றார். 1982இல் அதே குழுவின் 'ஜாக் அண்ட் டயான்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது டிரம்ஸ் அவருடையது. 1996இல் குழுவை விட்டு வந்தவர், பலருக்கும் வாசிக்கும் செஷன் கலைஞராகவே பிழைத்தார். எந்த வேலை அவரை ஓரமாக நிறுத்தியதோ, அதுவே அவர் தொழிலானது.

குழுவை விட்டு செஷனுக்குப் போவதை ஒரு படி இறக்கமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டின் உரிமையில் பங்கில்லாத குழு டிரம்மர் ஏற்கெனவே கூலிக்காரர்தான். கூலி எப்போது வரும் என்பது மட்டும் தெரியாது.

முதலில் வாசிப்பைப் பார்ப்போம். குழுவில் ஒரு தாளம் ஒத்திகை அறையில் மாதக்கணக்கில் ஊறுகிறது. கோரஸ் வந்ததும் கிட்டாரிஸ்ட் வேகமெடுப்பார் என்று டிரம்மருக்குத் தெரியும், அவரும் கூடவே ஓடுவார். ரசிகர்களுக்கு அந்த ஓட்டம்தான் பிடித்திருக்கும். செஷனில் பாட்டை ஓரிரு முறை கேட்கலாம். கையில் ஒரு பக்கக் குறிப்பு, காதில் கிளிக் (வேகம் மாறாமலிருக்க ஒலிக்கும் தட்டொலி), இரண்டு மூன்று டேக்கில் முடிய வேண்டும். கிளிக்கோடு ஒட்டி வாசிப்பதுகூடப் பெரிய விஷயமில்லை. 'கொஞ்சம் சாய்ந்து வாசியுங்கள்' என்று தயாரிப்பாளர் சொன்னால், வேகம் குறையாமல் ஸ்னேர் (சுரீரென்று ஒலிக்கும் முக்கிய டிரம்) அடியை மட்டும் கிளிக்குக்கு மயிரிழை பின்னால் வைக்கத் தெரிய வேண்டும். அது பல வருட வேலை.

ராக் மேடையிலிருந்து வருபவர்கள் அதிகம் சறுக்குவது சிம்பலில், அதாவது உலோகத் தட்டில். மேடையில் ஓங்கி அடித்துப் பழகிய கை, ஸ்டூடியோவில் எல்லா மைக்கிலும் சிம்பலைக் கொட்டிவிடும். ஸ்னேர் மைக்கில் ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பல் புகுந்துவிட்டால், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸில் ஸ்னேரைக் கூட்டும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து ஏறும். ஆகவே டிரம்மை அழுத்தி, சிம்பலைத் தணித்து வாசிக்கும் அளவு கையிலேயே இருக்க வேண்டும். முதல் ஸ்னேர் அடியும் கடைசி அடியும் ஒரே கனத்தில் விழ வேண்டும். அப்புறம் ட்யூனிங். குழுவுக்கு ஒரு ஸ்னேர் ஒலி போதும், அதுதான் அவர்கள் முத்திரை. செஷன்காரர் மூன்று நான்கு ஸ்னேரோடு வருவார். பாட்டுக்கேற்பத் தோலை இறுக்குவார், தளர்த்துவார், தேவைப்பட்டால் மேலே துணி போட்டு அதிர்வை அடக்குவார்.

பணத்தில்தான் இரண்டும் நிஜமாகப் பிரிகின்றன. பாட்டின் காப்புரிமை மெட்டுக்கும் வரிக்கும் போகிறது. டிரம்ஸ் பேட்டர்னை வழக்கமாக யாரும் அதில் சேர்ப்பதில்லை. ஆர்.இ.எம். குழு தன் பாட்டுகளை நால்வர் பெயரிலும் போட்டது; அதனால் டிரம்மர் பில் பெர்ரி 1997இல் விலகிய பிறகும் பழைய பாட்டுகளில் அவர் பங்கு அப்படியே இருந்தது. பிரிட்டனின் தி ஸ்மித்ஸ் குழு நேர் எதிர். அங்கே டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கு, பதிவிலும் மேடையிலும் வந்த பணத்தில் 10 சதவீதம்தான். குழு 1987இலேயே கலைந்துவிட்டது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டாளிகளுக்குச் சமபங்கு என்று சொல்லி நீதிமன்றம் 25 சதவீதம் கொடுத்தது 1996இல். அதுவும் பாட்டு எழுதிய உரிமைக்கு அல்ல.

செஷனில் இந்த வழக்கெல்லாம் இல்லை. அமெரிக்காவில் வெகுகாலமாக மூன்று மணி நேரம் ஒரு கால்ஷீட், அதற்குச் சங்கம் நிர்ணயித்த கூலி. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதேதான். 1965இல் தி பேர்ட்ஸின் முதல் பெரிய வெற்றிப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தது குழுவின் மைக்கேல் கிளார்க் அல்ல, ஹால் பிளெய்ன் என்ற செஷன் கலைஞர். புகழ் கிளார்க்குக்கு, கூலி பிளெய்னுக்கு. பின்னாளில் சில வால் வருமானங்கள் வந்தன. அமெரிக்க இணைய, செயற்கைக்கோள் வானொலிகளின் ராயல்டியில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 முன்னணிக் கலைஞருக்கு, மீதி 5 சதவீதம் பின்னணியில் வாசித்த, பாடிய எல்லோருக்குமாக. பிரிட்டனில் 2013இல் பதிவுகளின் உரிமைக்காலம் 50 ஆண்டிலிருந்து 70 ஆனபோது, கூடுதல் ஆண்டுகளின் வருமானத்தில் 20 சதவீதத்தை செஷன் கலைஞர்களுக்கான நிதியில் கம்பெனிகள் போட வேண்டும் என்றும் வந்தது. யார் வாசித்தார் என்று குறிக்கும் பதிவுத் தாளில் பெயர் இருந்தால்தான் இதெல்லாம் கைக்கு வரும். வாசித்து முடித்ததும் அந்தத் தாளைக் கேட்டு வாங்க வெட்கப்படுபவர் செஷனுக்குப் போகாமலே இருக்கலாம்.

ஒரு விஷயத்தில் குழு டிரம்மர் கை ஓங்கியது. 1980இல் தானே தாளம் வாசிக்கும் லின் எல்எம்-1 டிரம் மெஷின் வந்தபோது அடி விழுந்தது செஷன் ஆட்களுக்கு. ரசிகர் பார்க்க வரும் முகத்துக்குப் பதிலாக ஒரு பெட்டியை வைப்பது கஷ்டம். ஸ்டூடியோவில் முகமே கிடையாது. 'ஜாக் அண்ட் டயான்'இலும் அந்த மெஷின் உண்டு. அதற்குத் தாளம் ஏற்றியது அரனாஃப்தான், நடுவில் வரும் தனி டிரம்ஸ் பகுதி அவர் கையால். இப்போது பலர் வீட்டிலேயே பதிவு செய்து ஃபைலாக அனுப்புகிறார்கள். வசதிதான், ஆனால் மைக், அறை, என்ஜினியர் வேலை எல்லாச் செலவும் டிரம்மர் தலையில்.

நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: பெரிய குழுவோடு சேர்ந்துகொள்ளும் செஷன்காரர். தி வாண்டல்ஸ் என்ற பங்க் குழுவின் டிரம்மர் ஜோஷ் ஃபிரீஸ் பல வருடங்கள் பலருக்கும் வாசித்தபின், 2023இல் ஃபூ ஃபைட்டர்ஸில் சேர்ந்தார். 2025 மே மாதம் அவரை விலக்கிவிட்டார்கள். அவ்வளவு பெயர் இருந்தும் அந்த நாற்காலி நிலைக்கவில்லை. அதே வருடம், முன்பு வாசித்த நைன் இன்ச் நெய்ல்ஸுக்கே திரும்பினார். செஷன் வட்டத்தில் சேர்த்த உறவுக்கு அந்த மதிப்பு உண்டு.

பாட்டு எழுதிய உரிமையில் சமபங்கு தரும் குழு கிடைத்தால், பாட்டுகள் சுமாராக ஓடினாலும் அதை விடக் கூடாது என்பது என் கட்சி. பங்கு இல்லையென்றால், குழுவில் இருக்கும்போதே வெளிப் பதிவுகளை ஒப்புக்கொள்ள ஆரம்பிக்கலாம். அரனாஃப் எண்பதுகளிலேயே அதைச் செய்தார். குழு கலைந்த பிறகு கிளிக்கோடு பழகத் தொடங்கும் டிரம்மரை எந்தத் தயாரிப்பாளரும் கூப்பிட்டுக் காத்திருக்க மாட்டார்.