எண்டியனோடு நாலு வருடம்: ஒரு க்யூஎமு டிவைஸ் மாடல் அனுபவம்

நாலு வருடமாக க்யூஎமுவில் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை மென்பொருளாக ஓட்டும் எமுலேட்டர்) சொந்தமாக ஒரு டிவைஸ் மாடலை, அதாவது மென்பொருளால் ஆன ஒரு போலி வன்பொருளை, பராமரித்து வருகிறேன். மெமரி மேப் செய்த ரெஜிஸ்டர்கள் (மெமரி முகவரி வழியே படித்து எழுதும் சின்ன இடங்கள்) ஒரு டஜன், வந்த வரிசையிலேயே டேட்டாவைக் கடத்தும் ஒரு ஃபைஃபோ, செயலியைக் கூப்பிட ஒரு இன்டரப்ட். சின்னச் சாமான்தான். ஆனால் எண்டியன் என்னும் பைட் வரிசை (எண்ணின் பெரிய பக்க பைட் முதலில் வந்தால் பிக், சிறிய பக்கம் முதலில் வந்தால் லிட்டில்) என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

முதல் இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. ஹோஸ்ட்டும் (நிஜ மெஷின்) எக்ஸ்86, கெஸ்ட்டும் (க்யூஎமுவுக்குள் ஓடுவது) எக்ஸ்86; இரண்டும் லிட்டில் எண்டியன். பிறகு பிக் எண்டியன் பவர்பிசி கெஸ்ட்டில் ஓட்டினேன். டிரைவர் கேட்டது 512 பைட் டிஎம்ஏ (டிவைஸே நேரடியாக மெமரிக்கு டேட்டாவை நகர்த்துவது); என் டிவைஸ் 131072 பைட்டைக் கொட்டி அக்கம்பக்கத்து மெமரியை நாசமாக்கியது. ஹெக்ஸில் 00000200-ஐ பைட் பைட்டாகப் புரட்டினால் 00020000. என் டெஸ்ட்டில் இது சிக்காததற்குக் காரணம் நானேதான்: எழுதிப் பார்த்ததெல்லாம் பூஜ்ஜியமும், எல்லா பிட்டும் 1 ஆன எண்ணும். எப்படிப் புரட்டினாலும் இரண்டும் மாறாது!

டிரைவரில் ரெஜிஸ்டருக்கு எழுதும் லினக்ஸ் ஃபங்ஷன் ‘ரைட்எல்’ (எப்போதும் லிட்டில் எண்டியனாக எழுதும்; பிக் கெஸ்ட்டில் அதற்காகப் புரட்டும்) இருந்த இடத்தில், புரட்டாமல் எழுதும் ‘ரா ரைட்எல்’ போட்டேன். ஓடியது. அதே மெஷினில் லிட்டில் எண்டியன் லினக்ஸை பூட் செய்ததும் மறுபடி 131072.

மாடலில் எண்டியன் என்ற இடத்தில் ‘நேட்டிவ்’ என்று போட்டிருந்தேன், கெஸ்ட் ஓடும் விதத்துக்கு ஏற்ப மாறும் என்ற நினைப்பில். அது கம்பைல் செய்யும்போதே முடிவாகிற டார்கெட்டின் (க்யூஎமு போலி செய்யும் செயலி வகையின்) வரிசை. பவர்பிசி 64 டார்கெட்டுக்கு அது எப்போதும் பிக். உள்ளே லிட்டில் கெர்னல் ஓடினாலும் மாறாது. ‘லிட்டில்’ என்று மாற்றி, டிரைவரில் பழைய ரைட்எல்லையே திரும்ப வைத்தேன். ஒரே ஒரு வரிக்கு இரண்டு வாரம் போனது.

விர்ச்சுவல் மெஷின் டிவைஸ்களுக்கான பொதுத் தரமான விர்ட்ஐஓவின் பழைய வடிவத்துக்கும் இதே தலைவலி, கெஸ்ட்டின் வரிசையை நம்பியிருந்ததால். 1.0-இல் எல்லாம் லிட்டில் எண்டியன் என்று முடித்துவிட்டார்கள். விர்ட்ஐஓ எம்எம்ஐஓவின் (மெமரி மேப் வழியே பேசும் விர்ட்ஐஓ வகை) முதல் ரெஜிஸ்டரைப் படித்தால் அடையாள எண்ணாக ஹெக்ஸில் 74726976 வரவேண்டும். 76697274 வந்தால் யாரோ ஒருமுறை கூடுதலாகப் புரட்டியிருக்கிறார்கள். இந்த யோசனையைச் சுட்டு என் டிவைஸிலும் ஒரு அடையாள ரெஜிஸ்டர் வைத்தேன். நல்ல பலன்.

ஃபைஃபோவில் கதை வேறு. அதில் போவது எண் அல்ல, பைட் ஓட்டம். லூப் போட்டு ரைட்எல்லால் தள்ளினேன்; பிக் எண்டியன் கெஸ்ட்டிலிருந்து வந்த உரை நாலு நாலு எழுத்தாகத் தலைகீழாக விழுந்தது. மொத்தமாக எழுதும் ‘ரைட்எஸ்எல்’ புரட்டுவதில்லை, அதற்கு மாறினேன்.

இப்போது எந்த மாற்றம் செய்தாலும் பிக், லிட்டில் என இரண்டு பவர்பிசி கெர்னலிலும் பூட் செய்து பார்க்கிறேன். எக்ஸ்86 ஹோஸ்ட்டில் இதற்கு கேவிஎம் (கெஸ்ட்டை ஹோஸ்ட் செயலியிலேயே நேரடியாக ஓட்டும் வசதி) உதவாது, கட்டளைகளை மொழிபெயர்த்து ஓட்டும் டிசிஜிதான்; ஆமை வேகம்.