ஒயின் கூலர் கதவு ரப்பர்: எந்த கேஸ்கெட் வாங்கலாம், எப்படி மாட்டலாம்

ஒயின் கூலருக்கு மாற்று கேஸ்கெட் தேடினால் மூன்று விதமாகக் கிடைக்கிறது. கம்பெனி பார்ட் ஒன்று. அளவு கொடுத்துச் செய்து வாங்கும் ரப்பர் இன்னொன்று. எந்தக் கதவுக்கும் பொருந்தும் என்று சொல்லி, சுருளாக, மீட்டர் கணக்கில் விற்கும் காந்தப் பட்டை மூன்றாவது. இந்த மூன்றாவதை வாங்கவே வேண்டாம். கம்பெனி பார்ட் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடலாம். ஆனால் ஒயின் கூலர்களில் மாடல் சற்றுப் பழசானாலே ஸ்பேர் வருவது நின்றுவிடுகிறது. அதனால் பலருக்கும் அளவுக்குச் செய்து வாங்குவதுதான் வழி. அளவு மட்டும் சரியாக இருந்தால் அது கம்பெனி பார்ட்டுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

சுருள் பட்டையை ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் அதன் மூலைகள். நல்ல கேஸ்கெட்டில் நான்கு பக்கத் துண்டுகளையும் 45 டிகிரியில் வெட்டி, சூடாக்கி, ஒன்றோடொன்று உருக்கி இணைத்திருப்பார்கள். சுற்றிலும் இடைவெளியே இல்லாத ஒரே வளையமாக அது நிற்கும். சுருளை வீட்டில் வெட்டிப் பசை போட்டு ஒட்டும்போது அந்த இணைப்பு கெட்டியாகிவிடும். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வளைய, ஒட்டு மட்டும் வளையாமல் பிளக்கும். பின்பக்கம் பசையுள்ள பட்டை, கதவில் ரப்பரைச் செருகும் நீளப் பள்ளமான காடிக்குள் போகாமல் கதவின் மேலேயே உட்காருவதால் தடிமனும் கூடும். கீல் பக்கம் இடித்து, கைப்பிடிப் பக்கம் வாய் திறந்து நிற்கும்.

வாங்குவதற்கு முன் ரப்பர்தான் குற்றவாளியா என்று உறுதி செய்யுங்கள். பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி மெதுவாக இழுத்தால் ஓரளவு பிடிமானம் தெரிய வேண்டும். மூலைகள் உட்படச் சுற்றிலும் பல இடங்களில் இப்படிப் பாருங்கள். டார்ச் சோதனை கண்ணாடிக் கதவில் அப்படியே செல்லாது, வெளிச்சம் கண்ணாடி வழியாகவே வந்துவிடும். கண்ணாடியைக் கறுப்புத் துணியால் முழுக்க மறைத்து, செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு விளிம்பைப் பாருங்கள். மேல் மூலையில் மட்டும் இடைவெளி என்றால் பெரும்பாலும் கதவு தொங்கியிருக்கும். கீல் ஸ்க்ரூவை இறுக்கி, ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்தாலே போதும். ரப்பர் மடங்கி மட்டுமே இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து நீவிவிட்டாலும் பழைய வடிவத்துக்கு வரும். கிள்ளினால் கெட்டியாக இருப்பது, மடிப்பில் வெடிப்பு, உள்ளிருக்கும் காந்தப் பட்டை வெளியே தெரிவது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கெட்டியாவது ஏன்? இந்த ரப்பர் பெரும்பாலும் மென்மையாக்கப்பட்ட பிவிசி. அதை மென்மையாக வைத்திருக்கும் சேர்மானம் வருடக்கணக்கில் மெல்ல வெளியேறுகிறது. ஸ்பிரிட், ப்ளீச், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அதை இன்னும் விரைவுபடுத்தும். கசிவு வந்த பிறகு சென்னை, புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் பாதிப்பு சட்டென்று தெரியும். ஈரக்காற்று உள்ளே புகுந்து பின்சுவரில் பனியாகவும் கீழே நீராகவும் சேரும், பாட்டில் லேபிளில் பூஞ்சை வரும். கம்ப்ரசர் இல்லாத தெர்மோ எலக்ட்ரிக் கூலர் என்றால் நிலைமை இன்னும் மோசம். அறை வெப்பத்திலிருந்து சுமார் 20 டிகிரி வரை குறைப்பதே அதன் உச்சம். கோடையில் அறை 35 டிகிரியைத் தொடும்போது, கசிவே இல்லாவிட்டாலும் ஒயினுக்கு வேண்டிய 12, 13 டிகிரியை அது எட்டாது; சின்னக் கசிவு இருந்தால் இன்னும் விலகிப் போகும்.

இனி அளவு. ரப்பரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடந்திருக்கும். பழைய ரப்பரின் ஒரு மூலையைக் கையால் மெல்ல இழுத்தால், அம்பு முனை போன்ற விலா ஒன்று காடியிலிருந்து வெளியே வரும். இது புஷ் டைப். விலா வராமல், ரப்பரின் உதட்டைத் தூக்கினால் வரிசையாக ஸ்க்ரூ தெரிந்தால் அது ஸ்க்ரூ டைப். புஷ் டைப்புக்கு எடுக்க வேண்டிய அளவு, எதிரெதிர்க் காடிகளின் மையத்திலிருந்து மையத்துக்கு. ரப்பரின் வெளி விளிம்பை அளந்து கொடுத்துவிட்டு அதைக் காடி அளவு என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டால் ரப்பர் உதவாது. இரண்டுக்கும் 2 செ.மீ.க்கு மேல்கூட வித்தியாசம் வரும். எந்த அளவு என்பதை எழுதியே கொடுங்கள். அகலத்தை மேலும் கீழும், உயரத்தை இரு பக்கமும், மில்லிமீட்டரில். பெரிதானால் ரப்பர் அலை அலையாக எழும். சிறிதானால் மூலை காடியை விட்டுத் தெறிக்கும்.

அதோடு ரப்பரின் குறுக்குவெட்டுத் தோற்றமும் பொருந்த வேண்டும். விலாவின் அகலம், ரப்பரின் மொத்த உயரம், காந்தம் இருக்கும் பையின் அகலம் ஆகிய மூன்றும் தெரியும்படி ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். மாதிரிக்காகப் பழைய ரப்பரை வெட்டாதீர்கள், புதியது வரும்வரை அதுதான் வேலை செய்ய வேண்டும். கைக்கு வந்ததும் முதலில் மூலைகளைப் பாருங்கள். இணைப்பில் ஓட்டையோ தூக்கலான மேடோ இருந்தால் மாட்டிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மடித்து வந்த ரப்பரை உடனே மாட்டக் கூடாது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து பத்து நிமிடம் ஊறவைத்து, சமதரையில் விரித்து மடிப்பு போகும்வரை விடுங்கள். பாட்டில்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு பேராகக் கதவைக் கழற்றிப் போர்வை மேல் படுக்க வைத்தால் வேலை சுலபம். இரட்டைக் கண்ணாடிக் கதவு நினைப்பதைவிடக் கனமாக இருக்கும். பழைய ரப்பரை ஒரு மூலையிலிருந்து கையால் உருவுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் காடியின் உதடு உடையும், பிறகு எந்த ரப்பரும் நிற்காது. காடியை டூத் பிரஷ்ஷும் சோப்பு நீரும் கொண்டு தேய்த்துத் துடையுங்கள். உள்ளே பழைய ரப்பரின் துணுக்கு ஒன்று தங்கினாலும் அந்த இடம் மேடாகும்.

முதலில் நான்கு மூலைகளையும் அழுத்துங்கள். அடுத்து ஒவ்வொரு பக்கத்தின் நடுப்பகுதி. பிறகு நடுவிலிருந்து மூலை நோக்கி. ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் கடைசி மூலையில் மிச்சம் நிற்கும், இல்லையென்றால் போதாமல் போகும். விலாவில் சோப்பு நீர் தடவினால் வழுக்கி உள்ளே போகும். விலா முழுதாக இறங்கும்போது டக் என்று உட்காருவது விரலில் தெரியும். ஏறாத இடத்தில் மரக் கரண்டியின் காம்பால் அழுத்தலாம், சுத்தியல் வேண்டவே வேண்டாம். டெம்பர்டு கண்ணாடி முகத்தில் அடி தாங்கும், விளிம்பில் ஒரு தட்டுப் பட்டால் மொத்தமும் நொறுங்கும். ஹீட் கன்னும் கண்ணாடி அருகே ஆகாது.

கதவை மாட்டிய பிறகும் ஒரு மூலை ஒட்டாமல் நின்றால், ரப்பரின் மடிப்புக்குள் சுருட்டிய டிஷ்யூ பேப்பரை வைத்து, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ரப்பர் மேல் மட்டும் காட்டி, கதவை மூடி டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் பேப்பரை எடுத்துவிட்டுப் பார்த்தால் மூலை பெரும்பாலும் படிந்திருக்கும். கீல் பக்கம் ரப்பர் சுருண்டு உள்ளே மடிந்தால் அங்கே டால்கம் பவுடரை லேசாகத் தடவுங்கள், பிடிக்காமல் நழுவும்.

இரண்டு வெப்பநிலை உள்ள கூலர் வைத்திருப்பவர்கள் நடுத் தடுப்பின் முன் விளிம்பில், கதவுக் கண்ணாடியைத் தொட்டு நிற்கும் பட்டையையும் பாருங்கள். அது நசுங்கிப் போயிருந்தால் சுற்று ரப்பர் புத்தம் புதிதாக இருந்தும் மேல் அறையும் கீழ் அறையும் ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும். பல மாடல்களில் இந்தப் பட்டை கேஸ்கெட்டோடு சேர்ந்து வராது. ஆர்டர் கொடுக்கும்போதே அதன் நீளம், தடிமன் இரண்டையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.