பிஎச் சரி பண்ணித் தர்றேன்னு 14,800 ரூபா வாங்கிட்டு மீனைக் கொன்னுட்டாங்க – கோயம்புத்தூர்க்காரங்க கவனத்துக்கு

மொத்தம் 14,800 ரூபா. அஞ்சு டிஸ்கஸ் மீனுக்கு 9,000, "பிஎச் கன்ட்ரோல் பேக்கேஜ்"னு ஒண்ணுக்கு 4,300 (பிஎச்ங்கறது தண்ணியோட அமில-கார அளவு, 7க்குக் கீழ போனா அமிலம்), மாசாமாசம் வீட்டுக்கு வந்து பார்க்கறதுக்கு முன்பணம் 1,500. இப்ப என் தொட்டியில உயிரோட இருக்கறது ஒரேயொரு சக்கர் மீன். அதுவும் கடைக்காரர் கொடுத்தது இல்ல, முன்னாடியே இருந்தது.

கடை பேரைப் போடல. போட்டா என் மேலயே கேஸ் போடுவேன்னு போன்லயே மிரட்டியாச்சு. ஊருக்குள்ள பெரிய கலர் மீன் கடை, ரீல்ஸ்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க, அவ்வளவுதான் சொல்ல முடியும். நான் எழுதறது ஆளை அடையாளம் காட்ட இல்ல. இதே பேச்சை வேற கடையிலயும் பேசுவாங்க. அப்ப உஷாரா இருங்க.

எங்க வீட்டுல மூணடித் தொட்டி, நூத்தம்பது லிட்டர் பிடிக்கும். இங்க நிறைய வீட்டுல இருக்கற மாதிரி ரெண்டு குழாய்: ஒண்ணு சிறுவாணிக் குடிதண்ணி, ஒண்ணு போர் தண்ணி. ரெண்டையும் பாதிப் பாதி கலந்துதான் தொட்டிக்கு ஊத்துவோம். ஏஞ்சல் மீன் ஒரு ஜோடி ரெண்டு வருஷமா அதுல ஜம்முனு இருந்துச்சு, முட்டைகூடப் போட்டிருக்கு. பிஎச்சுன்னு ஒண்ணு இருக்கறதைப் பத்தி யாரும் கவலைப்பட்டதே இல்ல. பையனுக்கு டிஸ்கஸ் வேணும்னு ஆசை, அதான் போனோம்.

கடைக்காரர் வீட்டுத் தண்ணியை ஒரு பாட்டில்ல கொண்டுவரச் சொன்னாரு. கொண்டுபோனேன். பேனா மாதிரி ஒரு மீட்டரை உள்ள விட்டாரு, 8.9ன்னு காட்டுச்சு. உச்சுக் கொட்டினாரு. அதே பேனாவைத் துடைக்காமக்கூட அவரோட டிஸ்கஸ் தொட்டியில விட்டாரு, 6.5. "பாத்தீங்களாக்கா, இந்தத் தண்ணியில விட்டா ஒரு ராத்திரி தாங்காதுங்க்கா"ன்னாரு.

நான் நம்பினது அதனால இல்ல. அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னாரு பாருங்க. "இன்னிக்கு உங்களுக்கு மீன் தரமாட்டேன். எவ்வளவு காசு கொடுத்தாலும் தரமாட்டேன். மொதல்ல தண்ணி சரியாகட்டும். இதும் ஒரு உசுருதானுங்க்கா." விக்க வந்தவரே விக்க மாட்டேன்னு சொன்னா யாருக்குத்தான் நம்பிக்கை வராது? என் வீட்டுக்காரர் எதுலயும் சந்தேகப்படற ஆளு. அவரே வெளிய வந்து, "நல்ல மனுசனா இருக்காரு"ன்னாரு. ஆனா கடைக்காரர் மீனுக்கான 9,000மும் சேத்து முழு 14,800ஐயும் அன்னிக்கே வாங்கிக்கிட்டாரு, "உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிடறேன்"னு. பில் கேட்டோம். பில் போட்டா ஜிஎஸ்டி சேருமாம், எதுக்கு வீண் செலவாம். தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு அதோட பின்பக்கம் கணக்கு எழுதிக் கொடுத்தாரு. ஒரு மாசம் கேரண்டின்னு வாயாலயே சொன்னாரு, எழுதல.

4,300 ரூபா பேக்கேஜ்ல என்ன இருந்துச்சுன்னா: ஒரு வெள்ளைக் கேன், மேல மார்க்கர்ல "பிஎச் டவுன்"னு எழுதியிருந்துச்சு, வேற லேபிளே கிடையாது. தண்ணியில மருந்துச் சொட்டு விட்டு, மாறற கலரை ஒரு அட்டையோட ஒப்பிட்டு பிஎச் பார்க்கற டெஸ்ட் கிட் ஒண்ணு. அப்புறம் கடலைமிட்டாய் சைஸ்ல ஒரு வலைப்பை, உள்ள என்னன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. டெய்லி ராத்திரி அஞ்சு மில்லி ஊத்தி, காலையில டெஸ்ட் பண்ணி போட்டோ அனுப்பணும்.

ஊத்தினோம். காலையில கலர் பச்சையா இறங்கியிருக்கும், சாயங்காலத்துக்குள்ள மறுபடியும் நீலம் (நீலம்னா பிஎச் அதிகம், பச்சை, மஞ்சள்னு போகப் போக குறைவு). தினமும் இதே கதை. போன் பண்ணா "பத்து மில்லி ஊத்துங்க". அதுக்கும் நிக்கல. கடைசியில, "அக்கா, அந்தப் போர் தண்ணிதான் வில்லன். அதை விட்டுட்டு முழுசா சிறுவாணி மாத்துங்க. மருந்து அதே பத்து மில்லி, குறைக்கவே கூடாது"ன்னு சொன்னாரு. நல்லா கவனிங்க. தண்ணியை மொத்தமா மாத்தச் சொன்னவரு மருந்து அளவை அப்படியே வெச்சுட்டாரு. அந்த வாய்ஸ் மெசேஜ் என்கிட்ட இன்னும் இருக்கு.

அடுத்த நாள்லருந்து டெஸ்ட் பண்ணா மஞ்சள். அட்டையில மஞ்சளுக்கு நேரா 6.0. போட்டோ அனுப்பினேன், கட்டைவிரல் வந்துச்சு. மறுநாளும் மஞ்சள், மறுபடியும் கட்டைவிரல், "சூப்பர்க்கா, செட் ஆயிருச்சு". அஞ்சு டிஸ்கஸையும் கடைப் பையன் கொண்டுவந்து விட்டுட்டுப் போனான். அதுக்கப்புறமும் மருந்தை நிறுத்தச் சொல்லல.

அந்த அட்டையில இருக்கற கலர் 6.0லருந்து 7.6 வரைக்கும்தான். 6க்குக் கீழ 5 ஆனாலும் மஞ்சள்தான், 4.5 ஆனாலும் மஞ்சள்தான். கிட் விக்கறவருக்கு இது தெரியாதா? நான் தினமும் அனுப்பின மஞ்சள் "செட் ஆயிருச்சு" இல்ல, "இதுக்கு மேல எனக்கு அளக்கத் தெரியாது"ன்னு கிட் கத்தினது.

மீன் வந்து ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில பார்த்தா அஞ்சும் கரி மாதிரி கறுத்துப் போய் ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. துடுப்பெல்லாம் மடங்கி, உடம்புல பால் ஏடு படிஞ்ச மாதிரி. ஏஞ்சல் ரெண்டும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. உடனே போன். வீடியோ அனுப்பினேன். பார்த்துட்டு ஒரே வரி: "பாதித் தண்ணிய எடுத்துட்டு போர் தண்ணி ஊத்துங்க, ரெண்டு மணி நேரத்துல தெளிஞ்சிரும்." எந்தத் தண்ணி வில்லன்னு சொன்னாரோ அதே தண்ணி. ஊத்தினோம். தெளியல. துடிக்க ஆரம்பிச்சுது, கண்ணாடியில போய் முட்டுச்சு. சாயங்காலத்துக்குள்ள அஞ்சு டிஸ்கஸும் போச்சு, ஏஞ்சல் ஜோடியும் போச்சு.

இதுக்கப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்க. மொத நாள் "ஐயோ, அப்படியாக்கா, நாளைக்கு நானே நேர்ல வர்றேன்". வரல. கேட்டா கேரளாவுல லோடு எடுக்கப் போயிருக்காராம். கடைக்குப் போனா அந்தப் பையன், "ஓனர் வரட்டும்ங்க". ஓனர் உள்ளதான் இருந்தாரு, குரல் கேட்டுச்சு. அப்புறம் மெசேஜ் வந்துச்சு: "மீன் உசுருள்ள பொருள், அதுக்கு கேரண்டி யாரும் தர மாட்டாங்க." அப்ப 1,500 சர்வீஸ் பணம்? "அது வந்து பார்த்தா கழிச்சுக்குவோம்." வரவே இல்லயே! கடைசியில பழி எங்க தலையில: அளவு தெரியாம ஊத்திட்டோமாம். வாய்ஸ் மெசேஜை அவருக்கே திருப்பி அனுப்பினேன். ரெண்டு நீல டிக். அதோட சரி. 14,800 ரூபாயில ஒத்தை ரூபா திரும்பி வரல.

என் நாத்தனார் பையன் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிக்கறான், லீவுக்கு வந்திருந்தான். செடிக்கு ஊத்தலாம்னு, போர் தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணி ஒரு பக்கெட் அப்படியே இருந்துச்சு. அதை டெஸ்ட் பண்ணினான். அவன்கிட்டயும் பேனா மீட்டர்தான், ஆனா மொதல்ல பிஎச் 6.86, 4ன்னு அளவு தெரிஞ்ச ரெண்டு பொடியைத் தண்ணியில கரைச்சு அதுல சரிபார்த்துட்டுத்தான் தொட்டான். பக்கெட் தண்ணி 5.1. எங்க பழைய கலவைத் தண்ணியை ராத்திரி பூரா ஏர் மோட்டார் ஓட விட்டு அளந்தா 7.8. கடையில காட்டின 8.9 எங்கருந்து வந்துச்சோ, அந்தப் பேனாவுக்குத்தான் வெளிச்சம்.

அப்புறம் கேஎச் டெஸ்ட்னு ஒண்ணு பண்ணினான். எங்களுக்கு அந்தப் பேரே புதுசு. அஞ்சு மில்லி தண்ணியில சொட்டுச் சொட்டா விடணும், நீலம் மஞ்சளா மாற எத்தனை சொட்டு ஆகுதோ அதுதான் கேஎச். போர் தண்ணி பதினாறாவது சொட்டுலதான் மாறுச்சு. சிறுவாணி ரெண்டாவது சொட்டுல. பக்கெட் தண்ணி மொத சொட்டுலயே மஞ்சள்.

விஷயம் இதுதானாம். தண்ணியில இருக்கற பைகார்பனேட்தான் (கேஎச் டெஸ்ட் அளக்கறது அதைத்தான்) பிஎச்சை ஆடாம வெச்சுக்குது, வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி. போர் தண்ணியில அது நிறைய இருக்கறதால ஆசிட் ஊத்தினா கார்பன் டை ஆக்சைடா மாறி, கொஞ்ச நேரம் பிஎச் இறங்கி, அந்த வாயு வெளிய போனதும் மறுபடியும் ஏறிடும். எங்களுக்கு தினமும் நீலமா திரும்பினது அதனாலதான். சிறுவாணி மென்மையான தண்ணி, அதுல பைகார்பனேட் கொஞ்சம்தான். அதுல அதே பத்து மில்லி ஊத்தினா தாங்கறதுக்கு எதுவும் இல்ல, பிஎச் சரிஞ்சிடும். பத்தாததுக்கு மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை ஃபில்டர் பாக்டீரியா மாத்தறப்பவும் இந்தக் கேஎச்தான் செலவாகுது. பிஎச்ல ஒரு புள்ளி இறங்கினா அமிலத்தன்மை பத்து மடங்கு. 7.8லருந்து 5.1ன்னா ஐநூறு மடங்கு.

பிஎச் 6ஐ நெருங்கும்போதே அந்தப் பாக்டீரியா கிட்டத்தட்ட நின்னுடும், அம்மோனியா தேங்கும். ஆனா அமிலத் தண்ணியில அது பெரும்பாலும் அம்மோனியமா இருக்கறதால அவ்வளவா கொல்லாது. 28 டிகிரியில, பிஎச் 6ல விஷமான பங்கு ஆயிரத்துல ஒண்ணுகூட இல்ல. 8ல நூத்துக்கு ஆறு. பக்கெட் தண்ணியில அம்மோனியா டெஸ்ட் கரும்பச்சை, அவ்வளவு அம்மோனியா தேங்கியிருக்கு. போர் தண்ணி ஊத்தினதும் பிஎச் ஒரேயடியா ஏறி, தேங்கினது விஷமா மாறியிருக்கு. அதாவது, பிஎச் சரிஞ்சு குத்துயிரா இருந்த மீனுக்கு, "போர் தண்ணி ஊத்துங்க"ன்னு சொன்ன அந்த ஒரு வரிதான் கொள்ளி வெச்சிருக்கு. மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அம்மோனியாவைக் கட்டற மருந்தும் போட்டிருந்தா ஏஞ்சலாவது பொழைச்சிருக்கும்னு அவன் சொன்னப்ப எனக்கு வந்த ஆத்திரம்...

சரி, என்ன பண்ணணும்னு விவரமா எழுதறேன்னு நினைச்சுத்தான் உட்கார்ந்தேன், இப்ப தெம்பு இல்ல. அவசரத்துக்கு இதை மட்டும் வெச்சுக்கோங்க. பிஎச் மட்டும் பார்த்துட்டு கேஎச் பார்க்காம மருந்து விக்கற கடையில எதுவும் வாங்காதீங்க. லேபிள் இல்லாத கேனை வீட்டுக்குள்ளயே விடாதீங்க. இங்க விக்கற டிஸ்கஸ் தொட்டியிலயே பிறந்து வளர்ந்தது, 6.5ஐவிட ஆடாத பிஎச்தான் அதுக்கு முக்கியம், ஏற்கெனவே மீன் நல்லா இருக்கற தண்ணியில கை வைக்காதீங்க. முழு சிறுவாணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊத்தறவங்க ஃபில்டர்ல ஒரு கைப்பிடி பவளத்தூளைப் பையில கட்டிப் போடுங்க. கேஎச் ரொம்ப இறங்கிட்டா ஆப்ப சோடா, அம்பது லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போட்டா கேஎச் கிட்டத்தட்ட நாலு டிகிரி (டெஸ்ட்ல நாலு சொட்டு) ஏறும், ஆனா ஒரேயடியா போடாதீங்க, ரெண்டு மூணு நாளா பிரிச்சுப் போடுங்க. அம்மோனியா பார்க்காம அதையும் செய்யாதீங்க.

பில் கட்டாயம் வாங்குங்க. பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கறதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறைதான். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போட்டு புகார் பதிஞ்சிருக்கேன். அதுல தீரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. யுபிஐ ரசீது, வாய்ஸ் மெசேஜ், அந்தக் காலண்டர் தாள் எல்லாம் பத்திரமா இருக்கு.

14,800 ரூபா. இதே மாதிரி "இன்னிக்கு மீன் தரமாட்டேன்"னு யார்கிட்டயாவது கேட்டு ஏமாந்தவங்க இருந்தா கமென்ட்ல கடை பேரைப் போடாம எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, சேந்து புகார் கொடுக்கலாம். நேத்துக்கூட புது டிஸ்கஸ் லோடு வந்திருக்குன்னு அவர் ஸ்டேட்டஸ் போட்டிருக்காரு.