புல்லட்டா, எக்செல்லா?

காங்கேயம் பக்கத்துத் தம்பிகள் இருவர் ஒரே வாரத்தில் இதைக் கேட்டுவிட்டார்கள்: ராயல் என்ஃபீல்டு புல்லட் பைக் வாங்குவதா, டிவிஎஸ் எக்செல் மொபெட் வாங்குவதா?

விலை: ஒரு புல்லட் காசில் இரண்டு எக்செல் தாராளமாக வாங்கலாம்.

எடை: புல்லட் 350 சுமார் 195 கிலோ. எக்செல் 100 அதில் பாதிகூட வராது. வாய்க்கால் சேற்றில் சாய்ந்தால் வித்தியாசம் தெரியும்.

சுமை: எக்செல்லில் பின்சீட்டைக் கழற்றினால் பால் கேனும் தவிட்டு மூட்டையும் ஏறும். கியர் இல்லை, அப்பாவும் ஓட்டுவார். புல்லட்டில் மூட்டை ஏற்ற யாருக்கும் மனசு வராது.

மதிப்பு: இதுதானே உண்மையான கேள்வி! புல்லட் சத்தம் கேட்டாலே டீக்கடையில் தலைகள் திரும்பும். ஒரு கல்யாண மண்டபத்தில் என் எக்செல்லை மட்டும் "பின்னாடி நிறுத்துங்க" என்றார்கள். புல்லட்டுகள் வாசலிலேயே நின்றன. ஆனால் மஞ்சள் மண்டியில் கதையே வேறு. அழுக்கு வேட்டியும் எக்செல்லுமாக வருபவரைத்தான் "வாங்க, உட்காருங்க" என்பார்கள். தோப்பு எத்தனை ஏக்கர் என்று அவர்களுக்குத் தெரியும். புல்லட்டுக்குத் தவணை எத்தனை பாக்கி என்பதும் தெரியும்.

சரி, முடிவு: தினமும் தோட்டம், சொசைட்டி என்று அலைபவருக்கு எக்செல். ஈரோட்டில் வேலை, வாரக்கடைசியில் வால்பாறை மலைப்பாதை என்றால் புல்லட். பெண் பார்க்கப் போவதற்கு மட்டும் என்றால் மாமா வண்டியை இரவல் கேளுங்கள்.