முன்பதிப்பா, ஆய்விதழா?

கடலூர் இறால் பண்ணைக் குட்டையில் எடுத்த விப்ரியோ பாக்டீரியா எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும் என்பது பற்றிய எங்கள் கட்டுரை ஓர் ஆய்விதழில் ஏழு மாதம் கிடந்தது. அதற்குள் பண்ணையில் அடுத்த குஞ்சே விட்டுவிட்டார்கள்.

முன்பதிப்பு, அதாவது பிற ஆய்வாளர்கள் மதிப்பிடும் முன்பே இணையத்தில் போடும் கட்டுரை என்றால் சில நாளில் வெளிவந்துவிடும். 2013-இல் தொடங்கிய பயோஆர்கைவ் என்ற உயிரியல் முன்பதிப்புத் தளத்தில் கட்டணமும் இல்லை. டிஓஐ எண்ணும் (கட்டுரையின் நிலையான அடையாள எண்) தேதியும் கிடைக்கும், முதலில் கண்டது யார் என்ற சண்டைக்கு இடம் குறைவு.

சரி, ஆய்விதழ் எதற்கு? இதழுக்காக எங்கள் கட்டுரையைச் சரிபார்த்த மதிப்பீட்டாளர் ஒரே கேள்வி கேட்டார்: “மருந்து வில்லையைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிவு வட்டத்தை அளந்தீர்கள், ஒப்பிட, குணம் தெரிந்த பாக்டீரியா ஒன்றையும் வளர்த்தீர்களா?” வளர்க்கவில்லை. திரும்பச் செய்தோம், இரண்டு ஆன்டிபயாடிக்குகளின் முடிவே மாறியது. முன்பதிப்புத் தளத்தில் மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். இதைக் கேட்க ஆளில்லை.

சிகிச்சையைத் தொடும் முடிவென்றால் ஆய்விதழுக்குக் காத்திருப்பேன். மற்றதை முதலில் முன்பதிப்பாகப் போடுவேன். பல நுண்ணுயிரியல் இதழ்கள் அதை ஏற்கின்றன.