அப்பா போனப்பறம் 14416க்கு போன் போட்டேன்

கருமாதி முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் கிளம்புனப்பறம்தான் எனக்கு ஆரம்பிச்சுது, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடும், கொல்லையில அப்பா சாத்தி வச்ச மண்வெட்டி, அதுல ஒட்டுன சேறு காஞ்சு அப்படியே இருக்கு, அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அண்ணன் வேற பாகம் பிரிக்கிற பேச்ச எடுத்துட்டாரு.

மொதல்ல ஒரு ஆப்ல காசு கட்டி வீடியோ கவுன்சிலிங், அந்த ஆப் பேர் இங்க வேணாம். பாதிக்கு மேல இங்கிலீஷ், மன்னார்குடி பக்கம் எங்க ஊர்ல சிக்னலும் விட்டு விட்டுதான் வரும், நான் அழுதுக்கிட்டு இருக்கும்போதே டைம் முடிஞ்சுதுன்னு கட் ஆயிடுச்சு. ரொம்ப வலிச்சுது.

அப்பறம்தான் டெலி மானஸ், மனசு சரியில்லாதவங்க பேசுற உதவி எண், அதான் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம், நெட்டே வேணாம் சாதா போன் போதும். எடுத்தவங்க அறிவுரை சொல்லல, "அப்பாவ பத்தி சொல்லுங்க"ன்னாங்க. குறுவை நடவுக்கு வர்ற பொம்பளைங்களுக்கு அவரே தூக்குல டீ வாங்கிட்டு வருவாரு, அத நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையா கேட்டாங்க. பாகத்த பத்தி, தலைதிவசம் வரைக்கும் பொறுக்கலாமான்னு அண்ணன்கிட்ட நீங்களே கேட்டுப் பாருங்களேன்னாங்க. கேட்டேன், சரின்னுட்டாரு.

வீட்டுல ஆள் இருந்தா மொட்டை மாடிக்கு போயி பேசுங்க, மனசு விட்டு அழலாம்.